காளான் அறையின் ஆறு வேலைகள்

கொப்பியில் நான்கு நிரல்கள் கீறியிருந்தேன். நேரம், உலர்குமிழ், ஈரக்குமிழ், ஈரப்பதன். இரண்டரை வருடம் ஒரு நாளும் விடாமல் அந்த நான்கையும் நிரப்பினேன். அந்த அறைக்குள் நாள்தோறும் அதிக நேரம் நின்றவர் என்னுடைய அம்மா. அவருடைய மூச்சுக்கு ஒரு நிரல் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சமாதானம் வந்த அடுத்த வருடம் நாங்கள் கிளிநொச்சிக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்திலிருந்த எங்கள் காணிக்குத் திரும்பினோம். நான் வவுனியாவில் விவசாய டிப்ளோமா முடித்திருந்தேன். கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய்ப் பெண்களுக்கு வீட்டுத்தோட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்திருந்தது. படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது சிப்பிக் காளான். அதற்கு முப்பது பாகைக்குக் கீழே வெப்பம் வேண்டும், எண்பது வீதத்துக்கு மேலே ஈரப்பதன் வேண்டும். ஆடி மாதத்து வன்னியில் இரண்டுமே கிடையாது. கச்சான் காற்று வீசினால் கொடியில் போட்ட சேலை கால் மணித்தியாலத்தில் மொரமொரத்துப் போகும்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நிலத்துக்குள் இறங்குவது.

அப்பா அப்போதுதான் வளவின் மேற்கு மூலையிலிருந்த பழைய பங்கரை மூடி, அதன்மேல் ஒரு தேசிக்கன்று வைத்திருந்தார். நான் கிணற்றுப் பக்கத்து மேட்டைக் காட்டி, அங்கே ஒரு குழி வேண்டும் என்றேன். அவர் என்னையும் மண்வெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சண்டை முடிஞ்சு சனமெல்லாம் குழியை மூடுது. நீ வெட்டச் சொல்லுறாய்."

"காளானுக்கு அப்பா."

"ஓ, காளானும் ஷெல்லுக்குப் பயமோ?"

ஆனாலும் வெட்டினார். வேலியால் எட்டிப் பார்த்து விசாரித்தவர்களுக்கெல்லாம் அதே பகிடியைச் சொல்லிச் சொல்லியே நெஞ்சளவு ஆழத்துக்கு வெட்டி முடித்தார். சீமெந்துக் கல் கட்டி, நிலத்துக்கு மேலே இரண்டடி உயர்த்தி, கிடுகால் இரட்டைக் கூரை போட்டோம். உள்ளே இறங்க நான்கு படிகள். நிலமட்டத்தில் எதிரெதிராக இரண்டு காற்றுவழிகள். அவற்றுக்கு ஈரச்சாக்குத் திரை. நிலத்தில் ஆற்றுமணல். வெளியே முப்பத்தாறு பாகை கொதித்த முதல் நாள் உள்ளே இருபத்தெட்டு இருந்தது. நான் படியிலேயே குந்தியிருந்து அதைக் கொப்பியில் எழுதினேன்.

அப்பா இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார். "சோக்கான இடம். இதுக்குள்ள ஒரு கதலிக்குலையை வைச்சுத் தும்புப் புகை போட்டால் ரண்டு நாளில பழுத்திடும்."

"புகை போட்டால் காளான் செத்திடும்!"

"இஞ்சாருங்கோ," என்று மேலேயிருந்து அம்மா கூப்பிட்டார், "உங்கட வாழைக்குலைக்கு வேற குழி வெட்டுங்கோ. வெட்டிப் பழகினனீங்கள்தானே."

மரத்தூள் நெடுங்கேணியிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வந்தது. தவிடும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்து, பொலித்தீன் பைகளில் இறுக்கி, தார்ப்பீப்பாயில் ஆவியில் அவித்து, ஆறவிட்டு வித்துப் போட்டோம். அந்தப் பொதிகளுக்குள் வெண்பூசணம் நூல் நூலாக இறங்கி, மூன்று நான்கு கிழமையில் பை முழுவதும் பால்போல் வெளுக்கும். பிறகு பையைக் கீறிவிட்டால் கீறிய இடத்தால் காளான் குலையாக வெளியே வரும்.

அறைச் சுவரில் ஒரே பலகையில் இரண்டு வெப்பமானிகள் தொங்கின. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று உலர்ந்திருந்தால் துணியின் நீர் ஆவியாகி அந்த வெப்பமானி இறங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் அறை காய்கிறது என்று அர்த்தம். வித்தியாசத்தை வைத்து அட்டவணையில் ஈரப்பதனைப் பார்க்கலாம். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய், வெயிலில் காய்ந்த பொரிக்காத அப்பளம் ஒன்றில் துளையிட்டு நூல் கோத்துக்கொண்டு வந்தார். அதை வெப்பமானிக்குப் பக்கத்தில் கட்டினார்.

"உதென்னம்மா?"

"தேத்தண்ணிக்கு வைச்ச கேத்தில் கொதிக்கிறதுக்குள்ள இது தொய்ஞ்சால் ஈரம் காணும். தொய்யாட்டில் தண்ணி தெளிக்கவேணும்."

நான் சிரித்தேன். பிறகு பத்து நாள் இரண்டையும் ஒப்பிட்டேன். அப்பளம் ஒரு நாளும் பிழைக்கவில்லை. அதையும் கொப்பியில் எழுதி வைத்தேன். "அ. தொய்வு, எண்பத்தைந்துக்கு மேல்."

காலை ஏழு மணிக்கெல்லாம் நான் சைக்கிளில் புறப்பட வேண்டும். அதனால் அறையின் காலை வேலை அம்மாவினுடையது. ஒரு மட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன்.

1. குளித்து, கால் கழுவி உள்ளே போகவும்.
2. வெப்பமானி பார்க்கவும்.
3. விரிந்த காளானை ஆய்ந்து எடுக்கவும்.
4. பச்சைப் பூசணம் பிடித்த பொதிகளை அகற்றவும்.
5. மணலுக்கும் சாக்குக்கும் தண்ணீர் தெளிக்கவும்.
6. வெளியே வந்து கதவைச் சாத்தியபின், காற்றுவழிகளை அரை மணித்தியாலம் திறக்கவும்.

ஆறாவதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆய்வதற்கு முதல் திறந்தால் கச்சான் உள்ளே புகுந்து காளானின் விளிம்பைக் காயவைக்கும். திறக்காமலே விட்டால் காளான் விடும் மூச்சே அறைக்குள் தேங்கி, தண்டு நீண்டு குடை சிறுக்கும். காளானுக்கு எப்போது, எவ்வளவு காற்று வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இரவு முழுக்கப் பூட்டிக் கிடந்த அறை காலையில் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். விரிந்த குடைகளின் அடியிலிருந்து வித்துத்தூள் கொட்டும். சூரிய வெளிச்சம் கதவால் விழுந்தால் உள்ளே மெல்லிய புகைபோல அது நிற்கும். தட்டுகளில் விரலால் கோடு கீறலாம். அம்மா அந்தப் புகைக்குள் ஒன்றரை மணித்தியாலம் நின்று ஆய்வார். "மா அரிச்ச மாதிரி," என்பார் வெளியே வந்து, தலைமயிரைத் தட்டிக்கொண்டு.

முதலாம் விதியை அவர் நான் எழுதியதை விடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டார். கிருமி தொற்றக்கூடாது என்பதற்காகத்தான் குளிக்கச் சொன்னேன். அம்மா குளித்து, தோய்த்த சேலை உடுத்து, திருநீறு பூசிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். வெளியே போய்விட்டு வந்த காலோடு யாரும் படியில் மிதிக்கக்கூடாது. மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்த அன்று பின்னேரம் உள்ளே போகக்கூடாது. நான் சொன்ன சுத்தம் அவருடைய கையில் ஆசாரமாகிவிட்டது. எனக்கு அது வசதியாக இருந்தது. எங்கள் அறையில் பச்சைப் பூசணமே வரவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்களிடம், "பொதிகள் பழுதாகாமல் இருப்பதற்குக் காரணம் அம்மா," என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இருமல் எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுதி வைக்கவில்லை. இரண்டாவது வருட மாரிக்குப் பிறகு என்று நினைக்கிறேன். முதலில் வறட்டு இருமல். பிறகு பின்னேரங்களில் குளிர்காய்ச்சல். ஐந்து மணிபோல் உடம்பு நடுங்கும், நெஞ்சு இறுகும், விடியும்போது விட்டுவிடும். வன்னியில் பின்னேரம் குளிர்ந்து காய்ந்தால் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா இல்லை. சளி எடுத்துப் பார்த்தார்கள். சயரோகமும் இல்லை. "வயசு," என்றார் அம்மா. அவருக்கு நாற்பத்தொன்பது.

அந்த வருடம் ஆடியில் பூநகரியில் பெரியப்பா காலமானார். அப்பாவின் ஒரே அண்ணன். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. செத்தவீட்டால் வந்து தலை முழுகிய கையோடு அம்மா காளான் அறைக் கதவைச் சாத்தினார்.

"முப்பத்தொண்டு முடியுமட்டும் நான் இறங்கமாட்டன்."

"அம்மா, அது கோயிலில்லை."

"கால் கழுவி வா, குளிச்சிட்டு வா, தொடாதை, மிதியாதை எண்டு எழுதி ஒட்டினது ஆர்? நானோ?"

அப்பா சிரித்துவிட்டார். அண்ணனை இழந்து இரண்டு நாளுக்குப் பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. அதனால் நான் விட்டுக்கொடுத்தேன். வேலைக்குப் போகுமுன் நானே ஆய்வதென்று முடிவு செய்தேன்.

எனக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம்தான். பாதிக் காளானை ஆய்ந்தேன், பாதி முற்றிப்போனது. ஒரு கிழமையில் விளைச்சல் கணக்கு இறங்கத் தொடங்கியது. கொப்பியில் அந்த நாள்களின் ஓரங்களில் காரணங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் நாள்: "மாலை அளவு ஒரு மணித்தியாலம் பிந்தியது. அம்மா தனியே மூன்று கொத்து அரிசி இடித்தார். அரித்துக்கொடுத்ததில் நேரம் போய்விட்டது."

மூன்று கொத்து. உலக்கை பிடித்து, தனியே, ஒரு இருமல் இல்லாமல். அதை நான் அளவு பிந்தியதற்குக் காரணமாக மட்டும் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, ஒரே நேரத்தில் கீறிய பொதிகள் எல்லாம் ஒன்றாகப் பூத்து முற்றிக் கிடந்தன. குடைகளின் விளிம்பு மேலே மடிந்து, தட்டு, மணல், வெப்பமானி எல்லாம் வெள்ளைத்தூள். அடுத்த கிழமை அலுவலகத்தில் அந்த மாத விளைச்சல் வரைபைக் காட்டவேண்டியிருந்தது. அந்தக் கோடு கீழே விழுவதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. குசினி வாசலில் போய் நின்றேன்.

"காளானுக்குத் துடக்கில்லை அம்மா."

"காளானுக்கு இல்லை. எனக்குத்தான்."

"நானும் இந்த வீட்டுப்பிள்ளைதானே. நான் போறன். எனக்கு என்ன நடந்தது?"

"நீ படிச்சனி. உனக்கு ஒண்டும் நடக்காது."

"எல்லாம் வீணாப் போகுதம்மா. வந்து பாருங்கோ ஒருக்கால். பாவமாயிருக்கு."

நான் பாவம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொன்னேன். அம்மாவால் வீணாவதைப் பார்க்க முடியாது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ. உங்கட அண்ணைக்குத்தான் நான் காக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"அண்ணை இருந்திருந்தால் தானே வந்து நிண்டு ஆய்ஞ்சு தந்திருப்பார்," என்றார் அப்பா. "போய்ச் செய்யும். பிள்ளை கேட்குது."

அம்மா குளித்தார். தோய்த்த சேலை உடுத்தார். திருநீறு மட்டும் பூசவில்லை. படியில் இறங்கும்போது கதவு நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு மணித்தியாலம் உள்ளே நின்று இரண்டு பெட்டி நிறைய ஆய்ந்தார். அன்றிரவு முழுவதும் குளிர்காய்ச்சல். கொப்பியில் அன்றைய குறிப்பு இரண்டு சொற்கள்: "அறுவடை நன்று."

அதன்பிறகு பழையபடி நாள்தோறும் இறங்கினார். காய்ச்சல் குறைந்து, மூச்சுவாங்கல் கூடியது. கிணற்றடியிலிருந்து குசினிக்கு வாளியோடு வரும்போது நடுவில் ஒருமுறை நிற்கத் தொடங்கினார். மெலிந்தார். விரல் நுனிகள் தடித்து வளைந்தன. அடுத்த வருட நடுவில், பாதை இன்னும் திறந்திருந்தபோது, அவரை வவுனியாவுக்குக் கூட்டிப்போனேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையை இறக்கி ஏற்றி நடந்ததிலேயே உதடு நீலமாகிவிட்டது.

நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர் அவசரப்படாதவர். அம்மாவிடமே கேட்டார்.

"வீட்டில புறா வளர்க்கிறனீங்களோ?"

"இல்லை டொக்டர். ஆறு கோழி நிக்குது."

"பூஞ்சணம் பிடிச்ச நெல்லு, நனைஞ்ச வைக்கோல், அப்பிடி ஏதும்?"

"அதெல்லாம் என்ர மோள் விடமாட்டா. அவா விவசாயம் படிச்சவா. நாங்கள் காளான் செய்யிறம். நிலத்துக்குக் கீழ அறை. வந்து பாருங்கோ, என்ன குளிர்மை!"

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார்.

"அதை ஆர் ஆயிறது?"

"நான்தான். நாள்தோறும்."

"இடையில கொஞ்ச நாள் அந்த அறைக்குப் போகாமல் விட்டனீங்களோ? அப்ப எப்பிடி இருந்தது?"

பதில் எனக்கு வந்துவிட்டது. ஆனால் அம்மா முந்திக்கொண்டார்.

"ஒருக்கால் துடக்கெண்டு பன்ரண்டு நாள் போகேல்லை. அப்ப நல்ல சுகம் டொக்டர். மாவெல்லாம் இடிச்சனான். இவரின்ர தமையன்ர ஆத்மா பார்த்துக்கொண்டது எண்டு நினைச்சன்."

டொக்டர் எனக்கு எழுதிக் காட்டி விளக்கினார். சிலருடைய நெஞ்சு அந்த வித்துத்தூளை எதிரியாக எடுத்துக்கொள்ளுமாம். மூச்சில் போன சில மணித்தியாலத்தில் காய்ச்சல் வரும், ஒதுங்கினால் விடும். நெடுங்காலம் ஒதுங்காவிட்டால் நுரையீரல் தழும்பாகி இறுகும். எல்லோருக்கும் வராது, என்னைப்போல் பத்து நிமிடம் போய் வருபவர்களுக்கு வராமலே போகலாம். ஆரம்பத்தில் நிறுத்தியிருந்தால் முழுக்கச் சுகமாகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "ஓம்," என்றார்.

திரும்பி வந்த பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். அந்தப் பன்னிரண்டாம் நாளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று புளியங்குளம் வரைக்கும் காத்திருந்தேன். மாங்குளம் வரைக்கும் காத்திருந்தேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றபோது, இறங்காமலே கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அறையைப் பூட்டினால், வெளுத்து நிக்கிற பொதியளை என்ன செய்யப்போறாய்?"

"எரிக்கப்போறன்."

"ஐயோ, பாவமெடி."

எரித்தேன். அம்மா வீட்டுக்குள் இருந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு அறையைத் திறக்கவில்லை.

சில கிழமைகளில் சண்டை திரும்பத் தொடங்கி, வவுனியாப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். மாதாந்தம் போகவேண்டிய கிளினிக் பாதைக்கு அந்தப் பக்கம் நின்றது. கைவசம் இருந்த குளிசைகளைப் பாதியாக உடைத்தோம், பிறகு காலாக. நான் அப்போதுதான் ஐந்தாவது நிரலைக் கீறினேன். கிணற்றிலிருந்து குசினி இருபத்திரண்டு அடி. ஒரு தரம் நின்றார். இரண்டு தரம். கிணற்றுக்குப் போவதை நிறுத்தினார். குசினிக்குள் கதிரை போட்டோம். பிறகு கதிரையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனோம். மூன்று தலையணை, நான்கு தலையணை. ஒரு நிமிடத்துக்கு முப்பது மூச்சு, முப்பத்தெட்டு.

"என்னத்தை எழுதுறாய்?" என்று ஒருநாள் கேட்டார். வசனம் முடிக்க இரண்டு தரம் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

"சும்மாதான் அம்மா."

"ஈரம் காணுமோ?"

பகிடியாகத்தான் கேட்டார். "காணும்," என்றேன்.

அடுத்த மாரி தொடங்கி, அப்பளமெல்லாம் தானாகத் தொய்கிற கிழமையில் அம்மா போனார். விடியற்காலை, அப்பா முதுகைத் தாங்கியபடி இருக்க.

முப்பத்தொரு நாளும் நான் துடக்குக் காத்தேன். கோயிலுக்குப் போகவில்லை, யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. அப்பா ஒரு பின்னேரம் கிணற்றடி மேட்டைப் பார்த்தபடி கேட்டார். "உதை மூடிவிடட்டோ?"

"முப்பத்தொண்டு முடியட்டும் அப்பா."

அந்த நாள்களில்தான் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். மூன்று கொத்து அரிசியைக் கண்டது அப்போதுதான். என் சொந்தக் கையெழுத்து, நேராக, பிழையில்லாமல்.

முப்பத்திரண்டாம் நாள் காலை அப்பா மண்வெட்டியோடு வந்தார். உள்ளே தட்டுகளும் வெப்பமானியும் கிடந்தன, எடுக்கவேண்டும். கதவில் என் மட்டை மழையில் ஊறி, எழுத்து மங்கி இன்னும் ஒட்டியிருந்தது. நான் கதவைத் தொடவில்லை. சுற்றிப் போய்க் குனிந்து, ஒரு பக்கத்துச் சாக்கைக் கழற்றினேன். மற்றப் பக்கத்துக்குப் போய் அதையும் கழற்றினேன். பிறகு படிக்கு மேலே வந்து நின்றேன்.

அப்பா கதவையும் என்னையும் பார்த்தார்.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்? உள்ள ஒண்டும் இல்லையெல்லோ."

"அரை மணித்தியாலம் இருங்கோ அப்பா," என்றேன். "முதல்ல காத்து வரட்டும்."

அவர் மண்வெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார்.